வணிகக் கட்டடங்களில் தீ எச்சரிக்கை அமைப்பைப் பராமரித்தல்

1. பராமரிப்பு கண்டறிய வேண்டியது எது?

வணிகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோனால் சில நிமிடங்களில் புகார் வந்துவிடுகிறது, ஏ.சி. பழுதானால் அறையில் இருப்பவர்களே அதைத் தெரிவித்துவிடுகிறார்கள். தீ எச்சரிக்கை அமைப்புக்கு இத்தகைய அன்றாடப் பயன்பாடு இல்லாததால் அதன் பழுது எவருடைய வேலைக்கும் இடைஞ்சலாக இருப்பதில்லை. மாதக்கணக்கில் செயலிழந்து கிடந்தாலும் கட்டடம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். எச்சரிக்கை கிடைக்காததன் விளைவு தீ மூண்ட பிறகே தெரியவரும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கின் வாகன நிறுத்தத் தளத்தில் மின்மாற்றியிலிருந்து மூண்ட தீயின் புகை மேலேறிப் பால்கனியை நிறைத்து, 59 பேர் உயிரிழந்தனர். உள்ளே இருந்தவர்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை அறிவிப்பு தரப்படவில்லை என்பது பின்னர் நடந்த வழக்கில் முக்கியமான குறைகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது.

இந்தியாவில் இத்துறைக்கு இரண்டு ஆவணங்கள் அடிப்படையாக அமைகின்றன. எந்தக் கட்டடத்தில் எத்தகைய தீப்பாதுகாப்பு வசதி தேவை என்பதை 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி கூறுகிறது. தானியங்கித் தீயறி கருவிகளைத் தேர்ந்தெடுத்தல், நிறுவுதல், பராமரித்தல் ஆகியவற்றுக்கான நடைமுறைகளை இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2189 வகுத்துரைக்கிறது. கட்டடப் பொறுப்பாளரிடம் இவ்விரண்டின் படிகளும், நிறுவப்பட்ட கருவிகளின் தயாரிப்பாளர் கையேடுகளும் இருக்க வேண்டும்.

இன்றைய அமைப்புகள் தம்மைத் தாமே ஓரளவு கண்காணித்துக்கொள்ளும் திறன் பெற்றவை. ஆயினும் அந்தக் கண்காணிப்புக்கு எல்லை உண்டு. பேனல் எனப்படும் கட்டுப்பாட்டுப் பலகத்தில் பச்சை விளக்கு எரிகிறது என்றால் மின்சாரம் வருகிறது என்று பொருளே தவிர, மூன்றாம் தளத்தில் எழும் புகையை அங்குள்ள கருவி உணரும் என்று பொருளன்று. பேனலால் தானாக அறிய முடியாதவை எவை என்று தெரிந்துகொண்டு, அவற்றை மனிதர் நேரில் சோதித்து அறிவதே பராமரிப்பின் சாரம். இந்த அத்தியாயத்தில் கூறப்படும் பணிகள் அனைத்தும் இந்த அடிப்படையிலேயே தொகுக்கப்பட்டுள்ளன.

2. உறுப்புகளும் பேனலின் பார்வை எல்லையும்

அமைப்பின் மையம் கட்டுப்பாட்டுப் பலகம். களத்தில் பேனல் என்றே வழங்கப்படுகிறது. அதனுடன் புகை, வெப்பம் ஆகியவற்றை உணரும் டிடெக்டர்களும், தீயைக் கண்டவர் கையால் இயக்கும் எம்.சி.பி. எனப்படும் சிவப்புப் பெட்டிகளும், ஒலி எழுப்பும் ஹூட்டர்களும், லிஃப்ட், காற்றாடி, கதவு முதலிய பிற சாதனங்களுக்குக் கட்டளை அனுப்பும் இணைப்பு மாட்யூல்களும் கம்பிவழி இணைக்கப்பட்டிருக்கும்.

பேனல்கள் இருவகைப்படும். மரபுவகைப் பேனலில் கட்டடம் ஸோன்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு ஸோனிலும் உள்ள டிடெக்டர்கள் ஒரே இணைக்கம்பியில் கோக்கப்படுகின்றன. ஆகவே எந்த ஸோனில் தீ என்பதை மட்டுமே பேனல் காட்டும், எந்த அறையில் என்பதைக் காட்டாது. முகவரிவகைப் பேனலில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் தரப்பட்டு, லூப் எனப்படும் வளையக்கம்பி பேனலில் புறப்பட்டுப் பேனலுக்கே திரும்புவதால், கருவியின் இடம் துல்லியமாகத் தெரிவதோடு, கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் மறுமுனை வழியே தொடர்பு நீடிக்கும்.

மரபுவகை ஸோன் ஒன்றின் கடைசிக் கருவியில் இறுதித் தடையம் என்னும் சிறு மின்தடை பொருத்தப்பட்டிருக்கும். அதன் வழியாக ஓடும் சிறிதளவு மின்னோட்டத்தைப் பேனல் இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருப்பதால், கம்பி அறுந்து ஓட்டம் நின்றவுடன் பழுது எனக் காட்டுகிறது. டிடெக்டர் இயங்கி ஓட்டம் கூடினால் தீ எனக் காட்டுகிறது. இந்தத் தடையத்தைக் கடைசிக் கருவியில் வைக்காமல் பேனலுக்குள்ளேயே முறுக்கிவிடும் தவறான வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அவ்வாறு செய்தால் களத்திலுள்ள கம்பி முழுவதும் அறுந்துபோனாலும் பேனல் அதை அறியாது. ஆகையால் புதிதாகப் பொறுப்பேற்பவர் முதலில் செய்ய வேண்டிய சோதனை, ஒவ்வொரு ஸோனின் கடைசிக் கருவியையும் கழற்றிப் பார்த்து, பேனலில் பழுது தோன்றுகிறதா என உறுதிசெய்வதாகும். பழுது தோன்றியதிலிருந்து 100 விநாடிக்குள் பேனல் அதைக் காட்ட வேண்டும் என ஐரோப்பியத் தரமான இ.என். 54 வரையறுக்கிறது.

கம்பியின் நிலையைப் பேனல் அறியும். ஆனால் டிடெக்டரின் புகை நுழைவாயிலைப் பெயின்டர் டேப் ஒட்டி மூடியிருப்பதையோ, ஹூட்டரின் ஒலி புதிதாக எழுப்பிய கண்ணாடித் தடுப்பைத் தாண்டி உள்ளே கேட்கவில்லை என்பதையோ, முன்னே பொருள்கள் குவிந்து எம்.சி.பி. மறைந்துவிட்டதையோ அது அறியாது.

3. காலமுறைப் பணிகள்

நாள்தோறும் செய்ய வேண்டிய பணி ஐந்து நிமிடங்களுக்கு மேல் எடுக்காது. காலைப் பணிக்கு வரும் பொறுப்பாளர் பேனலின் முன் நின்று, மின்வழங்கல் விளக்கு எரிகிறதா, பழுது விளக்கு எரியவில்லையா, முடக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் வெறுமையாக உள்ளதா என மூன்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பேனலின் நிகழ்வுப் பதிவையும் புரட்டிப் பார்ப்பது நல்லது. இரவு 2 மணிக்கு ஒலித்த எச்சரிக்கை சில விநாடிகளிலேயே நிறுத்தப்பட்டிருந்தால், காவலர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்காமலே பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்பது அதிலிருந்து வெளிப்படும்.

வாரம் ஒருமுறை, முன்னறிவித்த ஒரே கிழமையில் ஒரே நேரத்தில், ஓர் எம்.சி.பி.யைச் சோதனைச் சாவியால் இயக்கி ஒலி எழுப்ப வேண்டும். வாரந்தோறும் வெவ்வேறு பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், 12 பெட்டிகள் உள்ள கட்டடத்தில் 12 வாரங்களில் எல்லாப் பெட்டிகளும் சோதிக்கப்பட்டுவிடும். ஒலி எப்படி இருக்கும் என்பதும் ஊழியர்களுக்குப் பழகிவிடும். மாதந்தோறும் பேட்டரியின் நிலை, ஜெனரேட்டரிலிருந்து பேனலுக்கு மின்சாரம் மாறும் விதம், எம்.சி.பி.களும் ஹூட்டர்களும் மறைக்கப்படாமல் இருத்தல் ஆகியவை பார்க்கப்பட வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பராமரிப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பர் மொத்த டிடெக்டர்களில் கால் பங்கைச் சோதித்துச் சுத்தம் செய்தால், ஓராண்டில் எல்லாக் கருவிகளும் ஒருமுறை சோதனைக்கு உள்ளாகும். எந்தக் கால் பங்கு என்பது எண்வாரியாக எழுதப்படாவிட்டால், ஏணி எளிதாக எட்டும் வழிநடையிலுள்ள அதே கருவிகள் நான்கு முறையும் சோதிக்கப்பட்டு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ளவை ஒருமுறையும் தொடப்படாமல் போவது வழக்கமான குறை. ஆண்டுச் சோதனையில் முழு அமைப்பும், அதனுடன் இணைந்த பிற சாதனங்களும் சேர்த்து இயக்கிப் பார்க்கப்பட வேண்டும்.

4. டிடெக்டர்களைச் சோதித்தலும் சுத்தம் செய்தலும்

வணிகக் கட்டடங்களில் மிகுதியாகக் காணப்படுவது ஒளியியல் வகைப் புகை டிடெக்டர். அதன் உள்ளறையில் ஒரு சிறு விளக்கும் ஒளியுணரியும் ஒன்றையொன்று நேரே பாராதபடி வைக்கப்பட்டுள்ளன; புகைத்துகள் உள்ளே புகுந்து ஒளியைச் சிதறடிக்கும்போது, சிதறிய ஒளி உணரியில் விழுவதால் எச்சரிக்கை எழுகிறது. சமையலறை போன்ற இடங்களில் வைக்கப்படும் வெப்ப டிடெக்டர்களில், குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் இயங்குபவை ஒருவகை. வெப்பம் விரைவாக ஏறுவதை உணர்ந்து இயங்குபவை மற்றொரு வகை.

புகை டிடெக்டரைச் சோதிக்க இதற்கென்றே விற்கப்படும் சோதனைப் புகை ஸ்பிரேயைக் கோலின் முனையில் பொருத்திப் பயன்படுத்த வேண்டும். ஊதுபத்தி, சிகரெட், காகிதப் புகை ஆகியவை உள்ளறையில் பிசுக்கை ஏற்றிவிடும். சோதனை ஸ்பிரேயையும் மிக அருகில் பிடித்து அடித்தால் படிவு தங்கிவிடும் என்பதால் தயாரிப்பாளர் குறிப்பிடும் தூரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். சில கருவிகளைக் காந்தத்தை அருகில் கொண்டுசென்று இயக்கலாம். ஆனால் அது மின்சுற்று வேலை செய்வதை மட்டுமே காட்டும், புகை உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்பதைக் காட்டாது. வெப்ப டிடெக்டரைச் சூடான காற்றால் சோதிக்கலாம். எனினும் ஒருமுறை இயங்கினால் மீளாத உருகுவகைக் கருவிகளும் உண்டு என்பதால், கையேட்டைப் பார்த்த பிறகே சூடாக்க வேண்டும்.

சுத்தம் செய்ய மென்தூரிகையும் வேக்கம் கிளீனரும் போதும். முகவரிவகைக் கருவிகள் தூசு படியப் படியத் தம் அளவீட்டைத் தாமே ஈடுசெய்துகொள்கின்றன. ஈடுசெய்யும் எல்லை முடியும் தறுவாயில் பேனலில் பராமரிப்பு அறிவிப்பு தோன்றும். அதைப் பொருட்படுத்தாவிட்டால், விரைவிலேயே அதே கருவி காரணமின்றி ஒலிக்கத் தொடங்கும். புகை டிடெக்டர்களைச் சுமார் 10 ஆண்டுகளில் மாற்றும்படி பல தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள்; கடற்கரையோரக் கட்டடங்களில் உப்புக்காற்றால் அடித்தளத் தகடுகள் அரிப்பதால் அதற்கு முன்பே மாற்ற நேரலாம்.

வணிக வளாகங்களின் உயர்ந்த நடுமுற்றங்களில் ஒருபுறமிருந்து மறுபுறம் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை அனுப்பிப் புகையை அறியும் பீம் டிடெக்டர்கள் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொங்கவிடப்படும் அலங்காரங்கள் இக்கற்றையை மறைத்துவிடுவதால், அலங்காரப் பணிக்கு அனுமதி தருமுன் கற்றையின் பாதை வரைபடத்தில் காட்டப்பட வேண்டும்.

5. பேட்டரியும் மின்வழங்கலும்

பேனல் 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகிறது; மின்வெட்டின்போது அதைத் தாங்குவதற்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் இல்லாத நிலையில் 24 மணி நேரம் கண்காணிப்பைத் தொடர்ந்து, அதன் பின்னும் அரை மணி நேரம் ஹூட்டர்களை ஒலிக்கச்செய்யும் அளவுக்குக் கொள்ளளவு இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி.

இதைக் கணக்கிடுவது எளிது. ஒரு பேனல் அமைதி நிலையில் 0.4 ஆம்பியரும் எச்சரிக்கை நிலையில் 2 ஆம்பியரும் எடுக்கிறது எனில், 24 மணி நேரத்துக்கு 9.6 ஆம்பியர்-மணி, அரை மணி நேர ஒலிக்கு 1 ஆம்பியர்-மணி, ஆக 10.6 தேவை. பேட்டரி முதுமையடைவதற்கு ஈடாக 1.25 ஆல் பெருக்கினால் 13.25 வருவதால், சந்தையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவான 17 அல்லது 18 ஆம்பியர்-மணிப் பேட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய ஹூட்டர்களோ டிடெக்டர்களோ சேர்க்கப்படும்போதெல்லாம் இக்கணக்கை மீண்டும் போட வேண்டும். முதல்முறை சரியாக இருந்த பேட்டரி மூன்று விரிவாக்கங்களுக்குப் பின் போதாமல் போயிருக்கலாம்.

பேனலில் பேட்டரிப் பழுது தோன்றவில்லை என்பது மட்டும் போதுமான சான்றன்று. மிதவை மின்னூட்டத்தில் ஒவ்வொரு பேட்டரியும் 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 13.5 முதல் 13.8 வோல்ட் காட்டும்; உள்ளே தேய்ந்துபோன பேட்டரியும் இதே அளவைக் காட்டக்கூடும். ஆகவே பிரதான மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியில் மட்டும் ஹூட்டர்களை ஒலிக்கவிட்டு, அந்தச் சுமையில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என அளக்க வேண்டும். வெப்பநிலை சுமார் 10 டிகிரி கூடுவதற்கு ஆயுள் பாதியாகிறது என்பதால், காற்றோட்டமில்லாத மின் அறையில் வைத்த பேட்டரியின் ஆயுள், அட்டையில் அச்சிட்ட ஆண்டுக் கணக்கை எட்டாது. பொருத்திய தேதியைப் பேட்டரியின் மேலேயே அழியாத மையால் எழுதிவைக்க வேண்டும். பேனலுக்குச் செல்லும் மின்சுற்றைத் தனியாக வைத்து, அதன் சுவிட்சில் “தீ எச்சரிக்கை — அணைக்கக் கூடாது” என்று எழுதியிருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் எர்த் ஃபால்ட் எனப்படும் நிலக்கசிவுப் பழுது அடிக்கடி தோன்றும். ஈரம் புகுந்த இணைப்புப்பெட்டியே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கம்பியின் காப்புத்திறனை மெகரால் அளக்க விரும்புவோர், டிடெக்டர்கள், மாட்யூல்கள், பேனல் அனைத்தையும் கழற்றிய பிறகே அளக்க வேண்டும். மெகர் செலுத்தும் 500 வோல்ட் பாய்ந்தால் அவற்றின் மின்னணுச் சுற்றுகள் கெட்டுவிடும்.

6. காரண-விளைவு அட்டவணை

எச்சரிக்கை ஒலிப்பதோடு அமைப்பின் பணி முடிவதில்லை. எந்த இடத்தில் எந்தக் கருவி இயங்கினால் எவையெல்லாம் நிகழ வேண்டும் என்பதை வரிசையாகக் காட்டும் அட்டவணைக்குக் காரண-விளைவு அட்டவணை என்று பெயர். லிஃப்டுகள் தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவு திறந்து நிற்றல், ஏ.சி. காற்றுவிசிறிகள் நின்று புகை தளம்விட்டுத் தளம் பரவாமல் தடுத்தல், படிக்கட்டுக்குள் காற்றழுத்தம் தரும் விசிறிகள் ஓடத் தொடங்குதல், அட்டை காட்டித் திறக்கும் கதவுகள் பூட்டு விடுபட்டுத் தாமாகத் திறத்தல் ஆகியன இதில் அடங்கும்.

இவற்றைச் சோதிக்கும்போது இணைப்பு மாட்யூலில் ரிலே சொடுக்கியதைக் கேட்டு நிறைவடையக் கூடாது. விசிறி உண்மையில் நின்றதையும், லிஃப்ட் உண்மையில் இறங்கியதையும் அங்கே நிற்பவர் கண்ணால் கண்டு சொல்ல வேண்டும். லிஃப்ட் நிறுவனமோ ஏ.சி. நிறுவனமோ தம் வேலைக்காகத் தீ இணைப்பைத் தற்காலிகமாகப் பாலமிட்டுவிட்டு, பின்னர் நீக்க மறந்துவிடுவது உண்டு. அந்தப் பாலம் பேனலுக்கு அப்பால் இருப்பதால் எந்தப் பழுது விளக்கும் எரியாது. ஹூட்டரின் ஒலியும் இதே சோதனையில் அளக்கப்பட வேண்டும். பொதுவிடங்களில் குறைந்தது 65 டெசிபெல், அல்லது சுற்றுப்புற இரைச்சலைவிட 5 டெசிபெல் கூடுதல், இவற்றுள் எது அதிகமோ அது தேவை. கழிவறைகள், மூடிய அறைகள், பண்டிகைக்காலக் கூட்டம் நிறைந்த விற்பனைத் தளங்கள் ஆகியவற்றில் இதை அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

7. பொய்யெச்சரிக்கையும் முடக்கமும்

தீ இல்லாமல் ஒலிக்கும் எச்சரிக்கை, ஊழியர்களிடம் அலட்சியத்தை வளர்க்கிறது என்பதோடு, அமைப்பையே முடக்கிவைக்கத் தூண்டுவதால் இரட்டைக் கேடாகிறது. பேன்ட்ரியில் எழும் நீராவி, உள்ளலங்காரப் பணியின் தூசு, வெல்டிங் புகை, கொசு மருந்துப் புகை, உள்ளறையில் கூடுகட்டும் சிலந்தி, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் முதலியன இதன் காரணங்கள். ஒவ்வொரு பொய்யெச்சரிக்கைக்கும் காரணம் கண்டு எழுதப்பட வேண்டும்; ஒரே கருவி மீண்டும் மீண்டும் ஒலித்தால் அது இருக்கும் இடமோ வகையோ பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும். பேன்ட்ரி வாசலிலுள்ள புகை டிடெக்டரை வெப்ப டிடெக்டராக மாற்றுவது, அதை ஆண்டெல்லாம் முடக்கிவைப்பதைவிட மேலானது.

முடக்கம் தவிர்க்க இயலாத தருணங்களும் உண்டு. ஆயுதபூஜை நாளில் அலுவலகங்களில் சாம்பிராணியும் கற்பூரமும் ஏற்றப்படும்போது முழுப் பேனலையும் அணைத்துவிடுவது எளிதாகத் தோன்றலாம். ஆனால் சரியான முறை, பூஜை நடக்கும் அறையின் கருவிகளை மட்டும் முடக்கி, அங்கே தீயணைப்பானுடன் ஒருவரை நிறுத்தி, பூஜை முடிந்து புகை வெளியேறியதும் மீண்டும் இயக்கத்துக்குக் கொண்டுவருவதாகும். வெல்டிங் போன்ற நெருப்புப் பணிகளுக்கும் இதே விதி பொருந்தும். முடக்கிய கருவியின் எண், காரணம், அனுமதித்தவர், மீட்க வேண்டிய நேரம் ஆகிய நான்கும் எழுதப்படாமல் எந்த முடக்கமும் செய்யப்படக் கூடாது.

8. கட்டடம் மாறும்போது

வாடகைதாரர் மாறும் ஒவ்வொரு முறையும் அறைகள் மாறுகின்றன. திறந்த தளத்துக்காகத் திட்டமிட்ட டிடெக்டர்களுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு எழுந்தால், ஓர் அறைக்கு இரண்டும் மற்றோர் அறைக்கு ஒன்றுமில்லாமலும் போகும். தட்டையான கூரையின்கீழ் எந்தப் புள்ளியும் புகை டிடெக்டரிலிருந்து 7.5 மீட்டருக்கும், வெப்ப டிடெக்டரிலிருந்து 5.3 மீட்டருக்கும் மேல் விலகியிருக்கக் கூடாது என்னும் அளவை வைத்துப் புதிய வரைபடத்தைச் சரிபார்க்க வேண்டும். இடமாற்றப்பட்ட ஏ.சி. காற்றுவாய் டிடெக்டருக்கு மிக அருகில் வந்துவிட்டால், வீசும் காற்று புகையை அதை நெருங்கவிடாது.

உள்ளலங்காரப் பணியின்போது தூசு புகாமலிருக்க டிடெக்டர்களின்மேல் பிளாஸ்டிக் மூடி மாட்டப்படுகிறது. பணி முடிந்ததும் மாட்டிய மூடிகளின் எண்ணிக்கையையும் கழற்றியவற்றின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு எழுதாத கட்டடங்களில், வெண்ணிறக் கூரையில் மூடியோடே ஆண்டுக்கணக்கில் தொங்கும் டிடெக்டர்களைக் காணலாம். பேனலின் திரையில் தோன்றும் இடப்பெயர்களும் புதுப்பிக்கப்பட வேண்டும். காலிசெய்து போன நிறுவனத்தின் கூட்ட அறைப் பெயர் திரையில் வந்தால், இரவுக் காவலர் எங்கே ஓடுவது எனத் திகைப்பார்.

9. பதிவேடும் ஒப்பந்தமும்

“அனைத்தும் சரிபார்க்கப்பட்டது, ஓ.கே.” என்னும் பதிவால் எவருக்கும் பயனில்லை. “லூப் 2, முகவரி 47, மூன்றாம் தளம் சர்வர் அறை: ஸ்பிரே சோதனையில் இயங்கியது; பேனலில் பெயர் சரி; ஏ.சி. நிற்கவில்லை, மின்பொறியாளருக்குத் தெரிவிக்கப்பட்டது” என்பது பயனுள்ள பதிவு; எது சோதிக்கப்பட்டது, என்ன விளைந்தது, அடுத்து யார் செய்ய வேண்டும் என்னும் மூன்றும் அதில் உள்ளன.

ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வருகையிலும் சோதிக்கப்படும் கருவிகளின் எண்ணிக்கை, பழுதழைப்புக்கு வந்துசேர வேண்டிய நேரம், உதிரிப்பாகம் கட்டணத்தில் அடக்கமா இல்லையா ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். இவற்றுடன், பேனலின் நிரல் கோப்பின் நகலும் கடவுச்சொல்லும் கட்டட உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்னும் விதியையும் சேர்ப்பது அவசியம். அது இல்லாதபோது நிறுவனத்தை மாற்ற நினைக்கும் உரிமையாளர், முழுப் பேனலையும் புதிதாக வாங்கும் நிலைக்குத் தள்ளப்படக்கூடும்.

10. பயிற்சியின்போது சோதித்தல்

உயர்ந்த கட்டடங்களில் முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் வெளியேற்றப் பயிற்சி நடத்தும்படி கட்டட விதித்தொகுப்பு அறிவுறுத்துகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்நாளில் தொடங்கும் தீயணைப்பு வாரத்தைப் பல நிறுவனங்கள் இதற்குத் தேர்ந்தெடுக்கின்றன. பயிற்சியை விசில் ஊதித் தொடங்காமல், ஓர் எம்.சி.பி.யை இயக்கித் தொடங்கினால், ஆட்களும் அமைப்பும் ஒருங்கே சோதிக்கப்படுவர். பேனலில் இருப்பவர் 101 அல்லது 112-க்கு அழைத்துச் சொல்ல வேண்டிய முகவரியைத் தடுமாறாமல் சொல்கிறாரா என்பதும், அழைப்பைப் பாவனையாகச் செய்துகாட்டச் சொல்வதன் வழியே அறியப்படும். பயிற்சி முடிந்ததும் பேனல் மீட்டமைக்கப்பட்டு, முடக்கப் பட்டியல் வெறுமையாக உள்ளதைப் பொறுப்பாளர் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே ஊழியர்கள் மீண்டும் உள்ளே அனுமதிக்கப்பட வேண்டும்.